திருக்கைக்குப் போட்ட பொரி

போன வாரம் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எந்த விமானத்தில் ஏறியது என்று நாள் முழுக்கக் கணினியில் தட்டிக்கொண்டிருப்பேன். கண்ணாடிக்கு வெளியே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். வருஷத்தில் ஒரு நாள் அந்த வண்டிகளைக் கழுவி, சந்தனம் பூசி, ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பொரி கடலை கொடுப்பார்கள். சீன மேனேஜர்கூட வந்து ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு போவார்.

"நீங்கதானே சிஸ்டர் அடிக்கடி தேக்கா பக்கம் போறீங்க. வரும்போது பொரி வாங்கிட்டு வந்துடுங்க லா" என்றான் தனா. அவன்தான் அங்கே பூஜைக் கமிட்டித் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம்.

நம்மூர்க் கடைகளெல்லாம் இருக்கும் அந்தத் தேக்கா பக்கம் நான் போய் மூன்று மாதமாகிறது. அதைச் சொல்லி மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் சரி என்று தலையாட்டினேன். இப்போதெல்லாம் நிறைய விஷயங்களுக்கு அப்படித்தான் தலையாட்டுகிறேன்.

தேக்காவில், சிராங்கூன் ரோட்டில் கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். மாலை கட்டுகிறவர்கள், வாழைக்கன்று விற்கிறவர்கள், எல்லாவற்றையும் செல்பேசியில் பிடித்துக்கொண்டே பிறர் காலை மிதிக்கும் சுற்றுலாப் பயணிகள். பூஜை சாமான் கடைக்காரர் பொரி மூட்டையின் வாயை என் முகத்துக்கு நேரே அவிழ்த்தார். பொரிக்கு வாசனை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. சுடுமணலும் காகிதமும் லேசாகக் கருகியதும் கலந்த மாதிரி ஒன்று. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் வந்தது உப்புத்தண்ணீர் வாசனை. உப்புத்தண்ணீர், ப்ளீச், உருகிக்கொண்டிருக்கும் கணவாய்.

"எத்தனை கிலோம்மா?" என்றார் கடைக்காரர்.

"தெரியலையே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவராகவே அள்ளினார்.

என் முதல் வேலை மீன்காட்சியகத்தில். தெற்கே அந்தத் தீவில், சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்குமே, அங்கே இருந்த பெரிய காட்சியகங்களில் ஒன்று. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. உயிரியல் பட்டம் வாங்கிய சூட்டோடு, சிங்கப்பூரின் கடலை எல்லாம் நான்தான் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. வேலைக்கான நேர்காணலில் பவளப்பாறைகளைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினேன். எதிரே இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐந்து மணி நேரம் நின்றுகொண்டே இருப்பாயா?" என்று கேட்டார். அதுதான் வேலை.

பார்வையாளர்களுக்குத் தெரிவது நீல வெளிச்சமும் பெரிய கண்ணாடியும் அதற்குப் பின்னால் சுறா மெதுவாகத் திரும்புவதும்தான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மீன் சந்தை இருக்கிறது. காலை ஏழரைக்கே நாங்கள் எஃகு மேசையில் நின்று கணவாயும் நெத்திலியும் வெட்டுவோம். பெரிய மீனுக்குப் போடும் சின்ன மீனின் செவுளுக்குள் விட்டமின் மாத்திரையைத் திணிப்போம். கையுறை போட்டிருந்தாலும் வாடை தோலுக்குள் இறங்கிவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு ரயிலில் பாசிர் ரிஸ் வரைக்கும் போக வேண்டும், சிங்கப்பூரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. கூட்ட நேரத்தில்கூட என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அதை ஒரு வசதி என்றே எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் எல்லாவற்றையும் வசதி என்று எடுத்துக்கொள்ள முடிந்தது.

என்னைப் போட்ட இடம் டச் பூல். இடுப்புயரத்தில் நீளமான திறந்த தொட்டி. நட்சத்திர மீன்கள், கடல் அட்டைகள், முள் நறுக்கிய நாலைந்து சின்னத் திருக்கைகள். வருகிறவர்கள் கை கழுவிவிட்டு இரண்டு விரலால் தொடலாம். இரண்டே விரல். ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது "இரண்டு விரல், மெதுவா" என்று சொல்லியிருப்பேன். தூக்கத்தில்கூட அதைச் சொன்னதாக அம்மா சொல்வாள்.

தமிழ் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தமிழில் விளக்கம் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. விடிய விடிய உட்கார்ந்து ஒரு உரை எழுதினேன். 'ஆழியின் அடியில் சிறகு விரிக்கும் அதிசயப் பறவை' என்று திருக்கையைப் பற்றி ஒரு வரி. அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கும். முதல் நாள் வந்த ஒரு பையன் முடிவில் கையைத் தூக்கினான். "அக்கா, இத சாப்பிடலாமா, can or not?"

பின்னால் துடைப்பத்தோடு நின்றிருந்த முருகையா அண்ணன் சத்தமாகச் சிரித்துவிட்டார். "சாப்பிடலாம் தம்பி. எங்க ஊர்ல புள்ள பெத்தவளுக்கு இதத்தான் குழம்பு வச்சுக் கொடுப்போம். பூண்டு நெறயப் போடணும்." பிள்ளைகள் எல்லாரும் என் ஆழியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முருகையா அண்ணன் காட்சியக ஊழியர் இல்லை. துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு குத்தகைக் கம்பெனியின் ஆள். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் வயது. புதுக்கோட்டைப் பக்கம் கடலோரத்தில் வீடு. இங்கே வேலை செய்ய வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். அவருடைய மஞ்சள் வாளி வண்டியில் ஒரு சக்கரம் கீச்சிடும். அந்தக் கீச்சு கேட்டதும் ஒரு புள்ளித் திருக்கை தொட்டியின் மூலைக்கு வந்து, சுவரில் வயிற்றை அழுத்தி, மூக்கை வெளியே நீட்டும். காட்சியகத்தில் அதற்குப் பெயர் 'பேன்கேக்'. இவர் 'தோசை' என்றார்.

"என்ன தோசை, சாப்ட்டியா?" என்பார். அது தண்ணீரைத் துப்பும்.

"அண்ணே, அது உங்களப் பார்த்து வரல. வண்டிச் சத்தத்துக்கு வருது. அதிர்வு தெரியும் அதுக்கு. வெறும் பழக்கம், கண்டிஷனிங்" என்று நான் படித்த திமிரில் விளக்குவேன்.

"எதுக்கோ வருதுல்ல தங்கச்சி? அது போதும்."

இடைவேளையில் பால்மாவு டின் ஒன்றைத் திறந்து பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து தின்பார். எனக்கும் நீட்டுவார். பின்கட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த டின்னை ஊழியர் அறை அலமாரியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் வைத்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மா. என் அம்மா மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவள். வந்து முப்பது வருஷமாகிறது. ரயிலில் எந்த இடத்தில் மாற வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுப்பாள். ஆனால் அவளுடைய கணக்குவழக்கெல்லாம் இன்னும் அந்தப் பக்கத்துச் சாமிகளோடுதான். நான் பட்டம் முடித்து ஐந்து மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தபோது, எனக்கு நல்ல வேலை கிடைத்தால் கோயில் குளத்து மீனுக்கு உப்பும் பொரியும் போடுவதாக வேண்டிக்கொண்டாள். அவள் ஊர்ப் பக்கம் அது வழக்கம். குளக்கரையிலேயே பொட்டலம் விற்பார்கள். போட்டதும் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மொய்க்கும். நேர்ந்துகொண்டது தீர்ந்தது என்று அர்த்தம்.

வேலை கிடைத்துவிட்டது. ஊருக்குப் போக நேரம் அமையவில்லை. இங்கே கோயில்களுக்கு என்ன குறை, ஆனால் பொரி போட மீன் நிறைந்த குளத்துக்கு எங்கே போவது? அம்மாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் கடலைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஊழியர் குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இலவச அனுமதி உண்டு. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அம்மா வந்தாள். பட்டுச்சேலை. மீன் பார்க்க யாராவது பட்டுச்சேலை கட்டி வருவார்களா? அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா, அது சுறா" என்றேன். "இருக்கட்டுமே" என்றாள்.

டச் பூலில் என் முறை வந்ததும் அவளையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போனேன். அன்று கூட்டமே இல்லை. கை துடைக்கும் காகிதம் தீர்ந்துவிட்டதென்று ஸ்டோருக்குப் போனேன். போய்விட்டு வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது தண்ணீரின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. மல்லிகைப்பூ உதிர்ந்த மாதிரி. அம்மா கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து, அடியில் ஒட்டியதையும் தட்டி உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். முகமென்றால் அப்படியொரு நிம்மதியான முகம். தோசை மூலையிலிருந்து வந்து ஒரு பொரியை உறிஞ்சி, துப்பி, மறுபடி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுதுடி! பாரேன்!"

"அம்மா! என்னம்மா பண்றீங்க? இது கோயில் குளமா?"

"ஏன்டி கத்துற? கடல் தண்ணில உப்பு இருக்குமேன்னு உப்பக்கூட வீட்லயே வச்சிட்டு வந்தேன். வெறும் பொரிதான்."

அவளைப் பேசவிடாமல் உணவகப் பக்கம் அனுப்பினேன். வலையை எடுத்து அள்ளினேன். பொரி ஊறினால் எப்படியிருக்கும் தெரியுமா? கைக்குச் சிக்காது. கஞ்சியாகிவிடும். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். தெரியாதது வடிகட்டிக் கூடைக்குள் போயிருக்கும் என்றும் எனக்குத் தெரியும். தொட்டியில் வெளிப்பொருள் எது விழுந்தாலும் உடனே பம்ப் அறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கூடையைக் கழற்றிக் கழுவுவார்கள். கால் மணி நேர வேலை. சுவரில் ஒரு பதிவுத்தாள் தொங்கும். 'வெளிப்பொருள்' என்ற கட்டத்துக்கு நேரே நான் 'இல்லை' என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்றால், அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் வர இருந்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிற வாரம். வேண்டுதல் பாக்கியிருந்தால் வேலை நிலைக்காது என்றுதான் அம்மா பொரியே போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை டச் பூலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. இரவில் கூடை அடைத்து, பம்ப் நின்று, தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது. இரண்டு நட்சத்திர மீன்கள் செத்துவிட்டன. தோசையை வேறு தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். காலைத் தீனியை அது தொடவில்லையாம். எங்கள் மேற்பார்வையாளர் ஷெர்லின் கூடையிலிருந்து எடுத்த மாவுக் கட்டியை ஒரு தட்டில் வைத்திருந்தாள். முப்பது வயதுப் பெண். சத்தம் போட மாட்டாள். தண்ணீரைச் சோதிப்பதுபோலத்தான் மனிதர்களையும் பார்ப்பாள்.

"பஃப்டு ரைஸ்" என்றாள். "நேற்று மத்தியானம் நீதானே அங்கே? யாராவது போட்டார்களா?"

"நான் பார்க்கல" என்றேன்.

அது பொய்யில்லை. போட்டதை நான் பார்க்கவில்லை, மிதந்ததைத்தான் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அன்றைக்கு அந்த வித்தியாசம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஊழியர் அறை அலமாரியில் பால்மாவு டின். அதற்குள் பொரி. திங்கட்கிழமை மத்தியானம் அந்தத் தளத்தைக் கூட்டியவர் யார் என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். திருக்கையோடு பேசுகிறவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஷெர்லின் யாரையும் குற்றம் சொல்லவில்லை. குத்தகைக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாள், 'விசாரிக்கவும்' என்று. அந்தக் கம்பெனிக்கு விசாரிப்பதைவிட ஆளை மாற்றுவது சுலபம்.

புதன்கிழமை சாயங்காலம் முருகையா அண்ணன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் கதவருகே நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"வாங்க தங்கச்சி. நாளைலேருந்து துவாஸ்ல வேல. ஏதோ ஃபேக்டரி டாய்லெட்டாம்."

"அண்ணே... அந்தப் பொரி..."

"தெரியும். அம்மா போட்டது." டின்னைப் பைக்குள் வைத்தார். "அம்மா என்கிட்டதான் கேட்டாங்க. தம்பி, வேண்டுதல், இந்த மீனுக்குப் போடலாமான்னு. யூனிஃபார்ம் சட்டை போட்டவன், தமிழ் பேசுறவன், வேற யாரக் கேப்பாங்க? நான்தான் போடுங்கம்மா, கொஞ்சமாப் போடுங்கன்னேன். அவங்க கொஞ்சம்னு நெனச்சது அவ்வளவு போல."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன வந்தது என்று சொல்கிறேன், மறைக்கக் கூடாது. நிம்மதி வந்தது. அப்படியென்றால் இவர் பேரிலும் தப்பு இருக்கிறது என்ற நிம்மதி. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்த மாதிரி. அந்தக் கல்லை எங்கே வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

"நீங்க கம்பெனிகிட்ட இதச் சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? வயசானவங்க, பட்டுச்சேலை கட்டிட்டு வந்து நிக்கிறாங்க. சொன்னா அவங்களக் கூப்ட்டு நிறுத்தி விசாரிப்பாங்க. வேணாம். பெர்மிட்டு முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு, பாத்துக்கலாம்."

"நான் சொல்றேன்ணே. நாளைக்கே ஷெர்லின்கிட்டச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை ஒங்களுக்குக் கடுதாசி வருதுன்னீங்களே?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஞாபகம் வைத்திருந்து கேட்டார். அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

வியாழக்கிழமை ஷெர்லின் கூட்டத்தில் இருந்தாள். அதாவது, காலையில் ஒரு மணி நேரம் கூட்டத்தில் இருந்தாள். மீதி ஏழு மணி நேரம் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தாள். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். சனி, ஞாயிறு வந்தன, போயின. திங்கட்கிழமை காலையில் போய்ச் சொன்னேன்.

அம்மா போட்டதையும், கூடையைப் பற்றித் தெரிந்தே நான் பேசாமல் இருந்ததையும், பதிவுத்தாளில் எழுதியதையும் சொன்னேன். முருகையா அண்ணன் அனுமதி கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை என்ற வீரம் அன்றைக்கு நிறைய இருந்தது. கடிதம் பைக்குள் இருக்கும்போது வீரம் வரும்தானே?

ஷெர்லின் முழுதும் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஏன் செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அந்தக் கம்பெனிக்கு எழுதுகிறேன். ஆனால் அவர் போய்விட்டாரே லா. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாச்சு."

எழுதினாள்தான். 'எங்கள் பக்கத் தவறு, அவர் மீது குறையில்லை' என்று எழுதியதை எனக்குக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து 'குறித்துக்கொண்டோம், நன்றி' என்று ஒரு வரி வந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. கூடையை எப்படிக் கழுவுவது என்று அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். தோசை மூன்றாம் நாளே சாப்பிட ஆரம்பித்திருந்தது. புதிதாக வந்தவர் வங்கதேசத்துக்காரர், அமைதியான மனிதர். அதே மஞ்சள் வண்டி, அதே கீச்சு. தோசை மூலைக்கு வந்து வயிற்றை அழுத்தி மூக்கை நீட்டியது. கண்டிஷனிங் என்று நான் சொன்னது சரிதான். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா, அது சரியாக இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று?

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று முருகையா அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. பின்னால் லாரிச் சத்தம். "ஏன் தங்கச்சி சொன்னீங்க? நான்தானே போடச் சொன்னேன். இங்க ஒண்ணும் கொறச்சலில்ல. டார்மெட்டரி மொட்டை மாடிலேருந்து கடல்கூடத் தெரியுது, என்ன, வேலிக்கு அந்தாண்ட. தோசை சாப்பிடுதா?"

பதில் போட வேண்டும் என்று நினைத்தேன். நல்லபடியாக, நீளமாக, மன்னிப்பெல்லாம் கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன். நான்தான் எழுதக் கூடியவள் ஆயிற்றே, ஆழி, சிறகு, அதிசயப் பறவை. நாலைந்து தடவை ஆரம்பித்து அழித்தேன். ஒரு நாள் வாரமாகி, வாரம் மாதமாகிவிட்டது. கடைசியில் நான்காவதோ ஐந்தாவதோ மாதம், நான் அந்த வேலையை விட்ட அன்றைக்கு, 'சாப்பிடுதுண்ணே' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது, அனுப்பியது அவரிடம் போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் ஒற்றை டிக்தான். பெர்மிட் புதுப்பிக்கவில்லை போலிருக்கிறது. அல்லது நம்பரை மாற்றியிருப்பார். நல்லதாகவே நினைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டாவதைத்தான் நினைக்க வேண்டும்.

அதற்கப்புறம் மூன்று வேலை மாறிவிட்டேன். ஒரு துணைப்பாட நிலையம், ஒரு காப்புறுதிக் கம்பெனி, இப்போது சரக்கு. கடலை யாரும் காப்பாற்றவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.

அந்தக் காட்சியகத்துக்கு ஒரு தடவை போனேன், போன வருஷம், தோழியின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு. டச் பூல் இருந்த இடத்தில் தரை முழுக்க வெளிச்சத்திரை. அதில் நீல நிறத் திருக்கைகள் ஓடுகின்றன. பிள்ளைகள் காலால் மிதித்தால் சிதறி, மறுபடி கூடுகின்றன. கை கழுவ வேண்டாம். இரண்டு விரல் வேண்டாம். என்ன கொட்டினாலும் எதுவும் அடைத்துக்கொள்ளாது. கூட்டிப் பெருக்க ஒரு இயந்திரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். தோசை எங்கே என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன். சின்னப் பெண், சட்டையில் பெயர்ப் பட்டையெல்லாம் மினுமினுவென்று. "எந்த தோசை? ஃபுட் கோர்ட் கீழ இருக்கு, மேடம்" என்று உற்சாகமாக வழி காட்டினாள். அந்த உற்சாகம் எனக்கு நன்றாகத் தெரிந்த உற்சாகம். ஐந்து மணி நேரம் நிற்கப் போகிறவள்.

ஆயுத பூஜை நல்லபடியாக முடிந்தது. தனா ஃபோர்க்லிஃப்டுக்குத் திருநீறு பூசி, பொரியை எல்லார் கையிலும் கொட்டினான். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே. "வாங்கிட்டு வந்தவங்களுக்கு எக்ஸ்ட்ரா, சிஸ்டர்." கையில் வைத்துக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. விளிம்பில் நின்ற தண்ணீரில் நாலு பொரி விழுந்து ஊறிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

அம்மா அழைத்தாள்.

"பூஜை முடிஞ்சுதா? பொரி நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எனக்கு அந்த மீன்தான் ஞாபகத்துக்கு வருது. எவ்வளவு ஆசையா வந்து சாப்பிட்டுச்சு! அன்னிக்கு அதப் போட்டேன், வெள்ளிக்கிழமையே உனக்கு லெட்டர் வந்துடுச்சு. நீதான் வேலைய விட்டுட்ட." பிறகு நினைவு வந்தவள்போலக் கேட்டாள். "அந்தத் தம்பி இருந்தாரே, புதுக்கோட்டைக்காரர். எவ்வளவு நல்ல மனுஷன். கேட்டதும் போடுங்கம்மான்னார். இன்னும் அங்கதான் இருக்காரா?"

அவளிடம் நான் எதையுமே சொன்னதில்லை. செத்த நட்சத்திர மீன்களை, தட்டில் இருந்த மாவுக் கட்டியை, துவாஸை, ஒன்றையும். ஐந்து வருஷமாக அவள் கணக்கில் அந்த மனிதர் கையில் துடைப்பத்தோடு அந்தத் தொட்டி ஓரத்திலேயே நிற்கிறார்.

"இருக்காரும்மா" என்றேன்.

"அந்தப் பக்கம் போனா நான் கேட்டேன்னு சொல்லு."

சரி என்றேன்.